வியாழக்கிழமைக்கு ஒன்று

என்னுடைய சேவைக் கோப்பில் இணையவழிப் பயிற்சிகளுக்கான சான்றிதழ்கள் 14 இருக்கின்றன. போன வாரம் பதவி உயர்வு விடயமாக அவற்றைப் பிறிண்ட் எடுத்து அடுக்கும்போது, இதில் எது என் வகுப்பறைக்குள் வந்தது என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். இரண்டு. மிச்சம் பன்னிரண்டிலும் நான் ஒழுங்காக இருந்து கேட்டேன், குறிப்பு எடுத்தேன், கடைசியில் வரும் கூகுள் போமையும் நிரப்பி அனுப்பினேன், ஆனால் மறுநாள் தரம் 10 பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றபோது செய்து பார்க்க ஒன்றும் கையில் இருக்கவில்லை. அதே காலத்தில் ஐந்து விஞ்ஞான ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு வட்ஸ்அப் குழு, எந்தச் சான்றிதழும் தராமல், நான் மின்னியல் படிப்பிக்கும் முறையையே மாற்றிவிட்டது. இது எப்படி நடந்தது என்று எழுதி வைக்க வேண்டும் போல இருக்கிறது. அடுத்த பயிற்சியை ஒழுங்குபடுத்தப் போகிற யாராவது இதை வாசித்தால் இன்னும் சந்தோசம்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காக: வன்னியில், ஏ9 வீதியில் மாங்குளத்தில் இறங்கி, வெள்ளாங்குளம் வீதியால் மேற்கே போய், பிறகு உள்ளே திரும்பிப் போகும் இடத்தில் இருக்கிறது பாடசாலை. ஒரு மல்டிமீடியா புரொஜெக்டர், மூன்று லப்டொப், அதில் ஒன்றின் பட்டரி செத்துவிட்டது. சிக்னல் பாடசாலை வளவின் தென்கிழக்கு மூலையில், வேப்பமரத்துக்குக் கீழே நன்றாக வரும், வகுப்பறைக்குள் வந்தும் வராமலும் இருக்கும். பிள்ளைகளில் அநேகரின் வீட்டில் ஒரே ஒரு போன், அது அப்பாவோடு வயலுக்கோ கூலி வேலைக்கோ போய்விட்டு இருட்டியபிறகுதான் வீட்டுக்கு வரும். 2020 மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டியபோது நாங்கள் இணையவழிக் கற்பித்தல் என்பதை இந்த நிலைமையில்தான் தொடங்கினோம். பாடத்தைக் காலையில் போட்டால் பிள்ளை இரவு ஏழு மணிக்குப் பிறகு பார்க்கும், கேள்வியை ஒன்பது மணிக்குக் கேட்கும். அப்போதே எனக்கு ஒரு விடயம் விளங்கியிருக்க வேண்டும்: பிள்ளைகளுக்கு நேரலை சரிவராவிட்டால் ஆசிரியர்களுக்கும் அது சரிவராது.

ஆனால் பயிற்சிகள் எல்லாம் நேரலையாகவே வந்தன. முந்தி மகரகமவில் தேசிய கல்வி நிறுவகத்தில் ஒரு செயலமர்வு என்றால் 300 கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் போய்வர வேண்டும், அந்த அலைச்சல் இல்லாமல் போனது உண்மையிலேயே பெரிய ஆறுதல், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளையோடு இருக்கிற எத்தனையோ ரீச்சர்மார் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தேசிய மட்டப் பயிற்சியில் இருந்தது இதனால்தான். சரி, ஆனால் மாலை ஆறரைக்கு ஒரு சூம் அமர்வு. ஒரு மணித்தியால வீடியோவுக்கு ஒரு ஜிபி அளவில் டேட்டா போகும். அடுப்பில் சோறு. வளவாளர் திரையைப் பகிர்ந்து, இந்த பட்டனை அழுத்துங்கள், இப்போது இந்த மெனு வரும், இப்போது அதில் மூன்றாவது என்று சொல்லிக்கொண்டு போவார், எனக்கோ படம் இரண்டு பட்டன் பின்னால் உறைந்து நிற்கும். ஒரு அமர்வு முழுவதும் சிங்களத்தில் நடந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தமிழில் இரண்டு வசனம் வந்தது. கேள்வி கேட்க மைக்கைத் திறந்தால் 280 பேர் இருக்கிற அமர்வில் யார்தான் கேட்பார்கள்? தரம் 1 ஆசிரியரும் உயர்தர பௌதிகவியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒரே அமர்வில், எல்லோருக்கும் பொதுவாக ஒரு செயலி. எல்லோருக்கும் பொதுவாக என்று வந்துவிட்டால் அதற்குள் பாடம் இல்லாமல் போய்விடுகிறது.

குழு தொடங்கியது 2022இல். மின்வெட்டுக் காலம், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இருக்கவில்லை, பெற்றோலுக்கு வரிசை, ஆளையாள் நேரில் சந்திக்க வழியில்லை. ஒரு சூம் பயிற்சி பாதியில் நின்றுபோன இரவு, அதில் இருந்த ஒட்டுசுட்டான் பக்கத்து ரீச்சர் ஒருவர் எனக்குத் தனியாக ஒரு குரல்பதிவு அனுப்பினார்: "அக்கா, நான் கடைசிப் பகுதியைக் கேக்கேல்லை, நீங்கள் கேட்டனீங்களோ?" நானும் கேட்கவில்லை. அப்படிப் பேசத் தொடங்கி, பூநகரியில் ஒருவர், நெடுங்கேணியில் ஒருவர், புதுக்குடியிருப்பில் ஒரு சேர் என்று ஐந்து பேர் ஆனோம். எல்லோரும் விஞ்ஞானம், எல்லோருக்கும் தரம் 9 தொடக்கம் 11 வரை. ஒரே ஒரு ஒழுங்கு வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் ஒரு சின்ன விடயத்தைச் சொல்வார், வியாழக்கிழமைக்குள் எல்லோரும் அதைத் தங்கள் வகுப்பில் ஒரு பாடவேளையில் செய்து பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை இரவுக்குள் என்ன நடந்தது என்று குரல்பதிவு போட வேண்டும். நன்றாக நடந்ததா இல்லையா என்று கேட்பதில்லை. பிள்ளை என்ன சொன்னது என்றுதான் கேட்போம். இரண்டு நிமிடக் குரல்பதிவு ஒரு எம்பிகூட வராது, கரண்ட் வந்த நேரம் கேட்கலாம், சமைத்துக்கொண்டும் கேட்கலாம், விளங்காவிட்டால் திரும்பவும் கேட்கலாம்.

மின்குமிழ்க் கதையைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும்.

பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. நான் மேலே சொன்ன இரண்டு சான்றிதழ்களில் ஒன்று அதைக் காட்டிய பயிற்சிக்குக் கிடைத்தது. பிள்ளைகளிடம் போன் தேவையில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கடதாசி அட்டை, அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு உருவம், அட்டையின் நான்கு பக்கத்திலும் சின்னதாக நான்கு விடைகளுக்கான எழுத்து. தான் நினைக்கும் விடை மேலே வருமாறு பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். ஆசிரியர் தன் போன் கமராவை வகுப்பு முழுக்க ஒரு தடவை சுற்றிக் காட்டினால் யார் யார் எந்த விடை என்று திரையில் வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் உருவமும் வேறு, எழுத்தும் சிறிது, அதனால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பிடிக்க முடியாது. ஒரு தடவை 40 அட்டைகளை அச்சடித்து மட்டையில் ஒட்டி வைத்தேன், மூன்று வருடமாக அவைதான் பாவனையில் இருக்கின்றன. என் போனில் கொஞ்சம் டேட்டா இருந்தால் போதும்.

பயிற்சியில் இதை எப்படி இயக்குவது என்று சொல்லித் தந்தார்கள். எந்தக் கேள்வியைக் கேட்பது என்று சொல்லித் தரவில்லை. நானும் முதல் இரண்டு மாதம் புத்தகத்தில் இருக்கிற வரைவிலக்கணக் கேள்விகளைப் போட்டேன், பிள்ளைகள் சரியாகப் பிடித்தார்கள், எல்லோரும் சந்தோசம், எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை. குழுவில் புதுக்குடியிருப்பு சேர்தான் ஒரு ஞாயிறு இந்தக் கேள்வியைத் தந்தார்: ஒரு மின்கலம், ஒரே மாதிரியான இரண்டு மின்குமிழ்கள், தொடராக இணைத்திருக்கிறது, எது கூடப் பிரகாசமாக எரியும்? நேர் முனைக்குக் கிட்ட இருப்பதா, மறை முனைக்குக் கிட்ட இருப்பதா, இரண்டும் ஒரே அளவா, இரண்டும் எரியாதா? ஓட்ட மின்னியல் படிப்பித்து முடிந்த வகுப்பு அது. ஓமின் விதியில் கணக்கு செய்கிற பிள்ளைகள். கமராவைச் சுற்றினேன், பாதிக்கு மேல் நேர் முனைக்குக் கிட்ட இருப்பதையே பிடித்திருந்தார்கள். ஏன் என்று கேட்டபோது பின்வரிசைப் பெடியன் ஒருவன் எழும்பிச் சொன்னான்: "முதல் பல்ப் கரண்டை எடுத்துப்போட்டு மிச்சத்தைத்தானே ரீச்சர் மற்றதுக்குக் குடுக்கும்."

எவ்வளவு தெளிவான வசனம். வாய்க்காலில் முதல் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி மிச்சம் கடைவயலுக்கு வருகிறதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எப்படி யோசிக்கும்? சுற்று முழுவதும் ஓட்டம் ஒரே அளவு என்று நான் கரும்பலகையில் எழுதி, அவர்களும் அதைக் கொப்பியில் எழுதி, அதற்குப் பிறகும் உள்ளே அந்த வாய்க்கால் அப்படியே இருந்திருக்கிறது. பத்து வருடமாக நான் அதைக் காணாமலே படிப்பித்திருக்கிறேன் என்பது அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த நாள் உண்மையான குமிழ்களோடு போனேன். டோர்ச் குமிழ் இரண்டு, மின்கலம், வயர். இணைத்தேன். நேர் முனைக்குக் கிட்ட இருந்த குமிழ் கூடப் பிரகாசமாக எரிந்தது! வகுப்பு கைதட்டியது, பெடியன் சிரித்தான், நான் மணி அடிக்கும் வரைக்கும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வேப்பமரத்துக்குக் கீழே நின்று குழுவுக்கு நடந்ததைப் பதிவு செய்து போட்டேன். அரை மணித்தியாலத்தில் நெடுங்கேணி ரீச்சரின் பதில், 40 செக்கன் வரும்: "அக்கா, கடையில வாங்கின குமிழ் ரெண்டும் ஒரே அளவு இல்லை. ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுப் பாருங்கோ. எனக்கும் உப்பிடித்தான் நடந்தது." இடம் மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்ததும் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. அந்தக் குமிழ் முன்னுக்கு இருப்பதால் பிரகாசமாக எரியவில்லை. அதன் தடை கூடியது, அதனால்தான். தொடர்ச் சுற்றில் ஒரே ஓட்டம் பாயும்போது தடை கூடியது கூடுதல் வலுவை எடுக்கும். அடுத்த பாடவேளையில் பிள்ளைகளையே கூப்பிட்டு இடம் மாற்றச் சொன்னேன். அதே குமிழ், இப்போது மறை முனைக்குக் கிட்ட, அதே பிரகாசம். வகுப்பு அப்படியே மௌனமாகிவிட்டது. அந்த மௌனத்தை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

அதற்குப் பிறகுதான் ஃபெட் (PhET) வந்தது, பரிசோதனைகளைக் கணினித் திரையில் செய்து பார்க்க உதவும் செயலிகளின் தொகுப்பு. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல், பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் தொடங்கியது, இலவசம், தமிழிலும் பல இருக்கின்றன, ஒரு தடவை தரவிறக்கி வைத்தால் இன்ரநெட் இல்லாமலே பிரௌசரில் ஓடும். அதில் மின்சுற்றுக் கட்டும் பெட்டியில் இரண்டு குமிழும் உண்மையிலேயே ஒரே அளவு. இலத்திரன்கள் நீலப் புள்ளிகளாக ஓடுகின்றன, முதலாவது குமிழுக்கு முன்னும் பின்னும் ஒரே வேகம். மல்டிமீடியா வேறு வகுப்பில் இருந்ததால் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, அதே கேள்விக்கு அட்டையைத் திரும்பப் பிடிக்கச் சொன்னபோது மூன்று பேரைத் தவிர எல்லோரும் மாறியிருந்தார்கள். (இலத்திரன் அப்படிக் கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் ஓடாது, நீலமும் இல்லை என்று சொல்ல மறக்கக் கூடாது. நான் முதல் தடவை மறந்துவிட்டேன், ஒரு பிள்ளை சோதனைத் தாளில் நீல நிறம் என்று எழுதியிருந்தது.)

முதலில் எல்லோரும் விடை சொல்லி, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி, பிறகு திரும்ப விடை சொல்வது என்கிற இந்த முறை செயலியோடு வந்தது கிடையாது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற பௌதிகவியல் பேராசிரியர் 1990களின் தொடக்கத்திலேயே இதைச் செய்யத் தொடங்கிவிட்டார். கையை உயர்த்தியும் செய்யலாம், ஆனால் கையை உயர்த்தச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் உயர்த்துவார்கள், அட்டை அந்த வெட்கத்தை எடுத்துவிடுகிறது. தொழில்நுட்பம் எனக்குச் செய்து தந்த உதவி அந்த அளவுதான், ஆனால் அது பெரிய உதவி.

பின்னர் வாசிக்கும்போது இதற்கு ஒரு பெயரும் இருப்பது தெரியவந்தது. லீ ஷுல்மன் 1986இல் எழுதினார்: பாடம் தெரிந்திருப்பதும் படிப்பிக்கத் தெரிந்திருப்பதும் தனித்தனியாக இருந்தால் போதாது, இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைகள் எங்கே பிழையாக விளங்குவார்கள், எந்த உதாரணம் எடுபடும் என்பதே ஆசிரியருக்கு மட்டும் உரிய அறிவு. 2006இல் மிஷ்ராவும் கோலரும் அதோடு தொழில்நுட்பத்தைச் சேர்த்து, மூன்றும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில்தான் வேலை நடக்கிறது என்றார்கள். கல்வியியற் கல்லூரிகளில் மூன்று வட்டம் போட்டுப் படிப்பிப்பார்கள், நாங்களும் பரீட்சைக்குப் பாடமாக்கினோம். பயிற்சி என்று வரும்போது மட்டும் தொழில்நுட்ப வட்டத்தைத் தனியாக வெட்டி எடுத்துத் தருகிறார்கள்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வினாத்தாள்கள் வருடக்கணக்காகப் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கின்றன, அந்த எழுத்துரு இல்லாத போனில் அவை தமிழாகத் தெரியாது. கூகுள் கிளாஸ்ரூம் பயிற்சி முடிந்த உற்சாகத்தில் பூநகரி ரீச்சர் தன்னிடம் இருந்த வினாத்தாள்களை ஒரே இரவில் ஏற்றினார், காலையில் பிள்ளைகளின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குவியல் தெரிந்தது. ஒரு பயிற்சியிலாவது முதல் பத்து நிமிடத்தில் இதைச் சொல்லியிருந்தால் அவ்வளவு உழைப்பு மிஞ்சியிருக்கும். பாமினியில் இருப்பதை, எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் இணையத்தளங்கள் இருக்கின்றன, புதிதாக அடிப்பதை யூனிகோட்டிலேயே அடிக்கலாம், தட்டச்சு வராதவர்கள் போனில் குரல்வழித் தட்டச்சைத் திறந்து தமிழ் (இலங்கை) என்பதைத் தெரிவு செய்து பேசினால் அதுவே எழுதிவிடும். அடுத்தது, தமிழில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் செய்தவை. அவர்கள் ஒளிச்சேர்க்கை என்பார்கள், எங்கள் புத்தகத்தில் ஒளித்தொகுப்பு. அவர்களின் வேதியியல் எங்களுக்கு இரசாயனவியல். காணொளியைப் போடுவதற்கு முன்பு இரண்டு சொல்லையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டால் பிள்ளை தடுமாறாது. இதுவும் குழுவில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இன்னொன்று எங்கள் வன்னிக்கே உரியது, மனதுக்குக் கஷ்டமானதும்கூட. இங்கே வருகிற ஆசிரியர்களில் கணிசமானோர் வெளியிடத்தவர்கள், கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் எடுத்துப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தினமும் பஸ்ஸில் எத்தனை மணித்தியாலம் போய்வருகிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். ஆனால் பாடசாலையில் கணினி தெரிந்த ஒரே ஆளைப் பயிற்சிக்கு அனுப்பி, அந்த ஆள் இரண்டு வருடத்தில் போய்விட்டால் கற்றதும் அவரோடு ஏ9 ஏறிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் திறன்பலகையின் பேனை அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது, பழுதானால் யார் பொறுப்பு என்ற பயத்தில். அதைப் பாவிக்கத் தெரிந்தவர் போய் ஒரு வருடம். அதனால்தான் நான் எங்கள் அதிபரிடம் போய்க் கேட்டேன், இனிமேல் என்ன பயிற்சி வந்தாலும் தனியாக ஒருவரை அனுப்பாமல் இரண்டு பேரை, அதில் ஒருவர் இந்த ஊர்க்காரராகப் பார்த்து அனுப்பச் சொல்லி. அவர் சம்மதித்தார். இப்போது ஆரம்பப் பிரிவு ரீச்சர் ஒருவர், இந்த ஊரிலேயே பிறந்தவர், என்னோடு சேர்ந்து செய்கிறார். தரம் 4 பிள்ளைகளுக்கு அட்டைகளை வைத்து அவர் செய்கிற வேலையைப் பார்த்து நான் படிக்கிறேன்.

பயிற்சி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விடயங்கள் இல்லை. காணொளியை முன்கூட்டியே சின்னச் சின்னத் துண்டுகளாக அனுப்புங்கள், முடிந்தால் குரலும் எழுத்துமாக. நேரலை வேண்டும் என்றால் அதை வாதாடுவதற்கு மட்டும் வையுங்கள், 280 பேரை வேண்டாம், ஒரே பாடம் படிப்பிக்கிற பதினைந்து பேர் போதும். ஒரு செயலியைக் காட்டும்போது, தரம் இத்தனையில் இந்த அலகில் இந்தக் கேள்விக்கு என்று தொடங்குங்கள். முக்கியமாக, அமர்வு முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு ஒருவர் எங்களுக்குப் போன் எடுத்து, செய்தீர்களா, பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கேட்கட்டும். அதற்கு ஆசிரியர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பாடசாலைகளை நன்றாகத் தெரிந்தவர்கள், ஆனால் ஒருவருக்கு எத்தனையோ பாடசாலைகள். ஒரு குரல்பதிவால் அவர்கள் ஒரே இரவில் இருபது பேருக்குப் பதில் சொல்லலாம். சான்றிதழை அந்தப் பதிலுக்குப் பிறகு தாருங்கள்.

இந்த ஞாயிறு என்னுடைய முறை. தரம் 11க்கு அமிலங்களும் மூலங்களும் என்ற பாடம் எடுக்கிறேன், செவ்வரத்தம்பூச் சாற்றைக் காட்டியாகப் பாவித்து, நிறம் மாறுவதைப் பிள்ளைகள் போனில் படம் எடுத்து வரிசைப்படுத்துவதாக யோசித்திருக்கிறேன். வகுப்புக்கு என் போனும் அந்த ஆரம்பப் பிரிவு ரீச்சரின் போனும் இருக்கும், அது போதும். எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்க ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது, சுண்ணாம்புத் தண்ணீர் என்று எல்லோரும் சொல்வதால். நெடுங்கேணி ரீச்சர் ஏற்கனவே பதில் போட்டுவிட்டார்: பூவை வெந்நீரில் ஊறப்போட்ட அன்றைக்கே பாவியுங்கோ, அடுத்த நாள் நிறம் மங்கிப்போகும். பூ பறிக்க வியாழன் காலையில் அரை மணித்தியாலம் முந்திப் போகவேண்டும்.